முள் எப்போது ஏறுகிறது?

வாசகர் கேள்விகளுக்கு ஒரு மெக்கானிக்கின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "வண்டி ஹீட் ஆகுது." கத்திரி வெயில் வந்தால் இந்தக் கடிதங்களும் வந்துவிடும். படிக்கப் படிக்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. என்னென்ன பார்ட்ஸ் மாற்றினோம், எவ்வளவு செலவானது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எந்த ரோட்டில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, ஏசி போட்டா போடாமலா ஹீட் ஆகிறது என்று எழுதியவர்கள் நான்கே பேர். அவர்களுக்குத்தான் இந்த இதழில் பதில். மற்றவர்கள் தயவுசெய்து ஒரு வாரம் டெம்பரேச்சர் முள்ளைக் கவனித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "சென்னை வெயிலுக்கு அப்படித்தான் சார் ஆகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்றைக்கும் ஊரில் வண்டிகள் ஓடத்தான் செய்தன. இன்ஜினுக்குள் சுற்றும் தண்ணீர் எப்போதும் 90 டிகிரியை ஒட்டி இருக்கும். 45 டிகிரிக் காற்று அதைக் குளிர வைக்கப் போதும். வெயில் கோளாறை உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கிற கோளாறை வெளியே காட்டும், அவ்வளவுதான்.

என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார். ஆபீஸ் விட்டு வரும்போது வேளச்சேரி விஜயநகர் சிக்னலைத் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஏசியை அணைத்தால் கொஞ்சம் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போனால் ஈசிஆரில் முள் பாதியைத் தாண்டுவதே இல்லை. இரண்டு கோடையாக இந்தத் தொல்லை. ஒரு இடத்தில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், இன்னொரு இடத்தில் ரேடியேட்டர் மூடியும் கூலண்டும், மூன்றாவது இடத்தில் வாட்டர் பம்ப். 14,000 ரூபாய் போய்விட்டது. இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
பின்குறிப்பு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபேன் மோட்டார் மட்டும் போய், வேறு போட்டோம்.
— மேடவாக்கம் வாசகர்

ரேடியேட்டரைத் தொடாதீர்கள் சார். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஈசிஆரில் எண்பது, தொண்ணூறில் போகும்போது இன்ஜின் கக்கும் சூடு, சிக்னலில் நிற்கும்போது இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ, வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலோ, ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தாலோ, கோவளம் தாண்டுவதற்குள் முள் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அப்படியென்றால் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறது. ஈசிஆரில் கிடைத்து விஜயநகரில் கிடைக்காமல் போவது காற்று ஒன்றுதான். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று தானாக வந்துவிடும். நிற்கிற வண்டிக்கு ஃபேன்தான் கொடுக்க வேண்டும். ஏசி போட்டால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்சரின், அதாவது ஏசியின் சூட்டை வெளியே விடும் ஜாலியின், சூடும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ஏசியை அணைத்ததும் கொஞ்சம் இறங்குகிறது.

பின்குறிப்பில் எழுதினீர்களே ஃபேன் மோட்டார் மாற்றியதை, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிசம்பரில் மோட்டார் மாற்றியிருக்கிறீர்கள். அடுத்து வந்த கோடையிலிருந்து தொல்லை. மூன்று இடத்திலும் யாராவது இதைக் கேட்டார்களா? நீங்களாவது சொன்னீர்களா?

போன வருடம் கால் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் இதே குறையோடு வந்தார். நின்றால் ஹீட், ஓடினால் சரி. போன இடத்திலெல்லாம் பானெட்டைத் திறந்து, "ஃபேன் நல்லா ஓடுதே" என்று சொல்லி மூடிவிட்டார்கள். நானும் பார்த்தேன், ஓடத்தான் செய்தது. சத்தமும் வழக்கம்போல. வண்டிக்கு முன்னால் போய் கிரில்லுக்கு நேராக உள்ளங்கையை வைத்தேன். அனல் காற்று கையில் அடித்தது. இன்ஜின் பக்கம் இழுக்க வேண்டிய காற்றை அந்த ஃபேன் ரோட்டைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தால், மாற்றிப் போட்ட மோட்டாரின் சாக்கெட் இந்த வண்டிக்குப் பொருந்தாததால் யாரோ ஒயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது, பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கிறது. இது டிசி மோட்டார். ஒயர் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். நிற்கும்போது இன்ஜினின் சூட்டையே எடுத்து ரேடியேட்டர் மேல் வீசும். ஓடும்போது எதிர்க்காற்று அதை மீறி உள்ளே வந்துவிடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு ஒயரையும் மாற்றிப் பற்ற வைத்தேன். ஏசியை முழுசாகப் போட்டு அரை மணி நேரம் நிற்க வைத்தோம். முள் பாதியில் நின்றது. அந்தத் தம்பி சீட்டை விட்டு இறங்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வண்டியும் இதுவாக இருக்கலாம். பார்ப்பதற்கு மெக்கானிக்கே வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் ஓட ஆரம்பித்துவிடும். முன் கிரில்லில் நாளிதழ் தாள் ஒன்றை விரித்து வைத்துக் கையை எடுங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருக்கிற வண்டியில் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பக்கத்தில் பிடியுங்கள், புகை உள்ளே போக வேண்டும். தாள் பறந்து விழுந்து, புகை உங்கள் முகத்துக்கு வந்தால், ஒயர் மாறியிருக்கிறது. அரை மணி நேர வேலை. சில வண்டிகளில் இரண்டு ஃபேன் இருக்கும், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, கை எதுவும் பானெட்டுக்குள் போகக் கூடாது.

தாள் ஒட்டுகிறது, ஆனால் ஏனோதானோவென்று ஒட்டுகிறது என்றால் அப்புறம் மூன்று இடம் பார்க்க வேண்டும். போட்ட மோட்டார் பழசாக இருந்து கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஃபேனைச் சுற்றி இருக்கிற பிளாஸ்டிக் கவசத்தைக் கழற்றியவர்கள் திருப்பி மாட்டாமல் விட்டிருக்கலாம். கவசம் இல்லையென்றால் ஃபேனுக்கு நேர் எதிரே இருக்கிற வட்டத்தில் மட்டும்தான் காற்று வரும், ரேடியேட்டரின் நான்கு மூலையும் சும்மா கிடக்கும். மூன்றாவது, உங்கள் வண்டி வெள்ளத்தில் நின்றது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுதான் இடைவெளி. வெள்ளச் சேறு அதற்குள் போய்க் காய்ந்து பலகை மாதிரி நின்றுவிடும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டையும் கொஞ்சம் பிரித்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகக் காட்டினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிப்போய் இருக்கிற காற்றும் நின்றுவிடும்.

ஃபேன் ஓடவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலே. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே மாதிரிதான், மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இதையெல்லாம் பார்த்த பிறகும் முள் ஏறினால் எனக்கு எழுதுங்கள். அதுவரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

ஊருக்குள் ஓட்டும்போது வண்டி ஒன்றும் செய்வதில்லை. போன வாரம் ஏலகிரி போனோம். வாணியம்பாடி வரை நூறில் போனபோதே முள் லேசாக ஏறியது. மலையில் ஏழாவது வளைவில் சிவப்பு விளக்கு வந்துவிட்டது. பதினொரு வருட வண்டி. தண்ணீர் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுவோம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் ஹீட்டே ஆகாது என்கிறார் என் கணவரின் நண்பர். செய்யலாமா?
— ஆசிரியை, அம்பத்தூர்

உங்கள் வண்டி மேடவாக்கம் வண்டிக்கு நேர் எதிர், மேடம். நின்றால் சரி, உழைத்தால் ஹீட். ஃபேன் சரியாக இருக்கிறது. சூட்டை வெளியேற்றும் வழி குறுகிவிட்டது.

வீட்டில் கெய்சர் காயிலைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? போர் தண்ணீர் ஓடிய காயிலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஓடு கட்டியிருக்கும். அதே ஓடுதான் பதினொரு வருடமாக உங்கள் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் கட்டுகிறது. அவை தட்டையான, மெல்லிய குழாய்கள். கொஞ்சம் படிந்தாலே வழி அடைந்துவிடும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது பாதிக் குழாய் வேலை செய்தாலும் சமாளித்துவிடும். மலையில் இரண்டாம் கியரில், ஐந்து பேரோடு, ஏசியும் போட்டு ஏறும்போது எல்லாக் குழாயும் வேண்டும்.

உறுதி செய்ய ஒரு வழி. தூர நின்றே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் போங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரி, ஆனால் வொர்க்‌ஷாப் வகை. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ரேடியேட்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காட்டிக்கொண்டே போனால் சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டாக ஓர் இடம் மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். கீழ் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதான ஹோஸ் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் உள்பக்கமாகச் சப்பிக்கொள்ளும், அதுவும் இதே அறிகுறியைக் காட்டும். ஹோஸ் என்றால் செலவு குறைவு.

ரேடியேட்டர்தான் என்று உறுதியானால், முதலில் ஃபிளஷ் செய்து, அதாவது உள்ளே கழுவிவிட்டு, பார்க்கலாம். பதினொரு வருடப் படிவுக்கு அது முழுப் பலன் தரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பழைய பித்தளை ரேடியேட்டர்களை புதுப்பேட்டையில் மேல்தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, திரும்ப ஈயம் பற்ற வைப்பார்கள். நான் வேலை பழகிய காலத்தில் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இப்போது வருவது பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர். அதைக் குத்தினால் கிழிந்துவிடும். மாற்றுவதுதான் நல்லது.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். கழற்ற வேண்டாம். 82 அல்லது 88 டிகிரி வாக்கில் திறக்கிற ஒரு சின்னக் கதவு அது. எடுத்துவிட்டால் ஊருக்குள் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக விடும், மைலேஜ் விழும், ஆயில் கெடும். சில இன்ஜின்களில் அந்தக் கதவு திறக்கும்போது பக்கவழியை மூடவும் செய்யும். கழற்றிவிட்டால் பக்கவழி திறந்தே கிடந்து, பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி வரும். ஹீட் குறைய வேண்டியது கூடிவிடும். தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் சோதிப்பது சுலபம். என் கடையில் இதற்கென்றே ஓர் அலுமினியச் சட்டி இருக்கிறது. தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைப்பேன். அதன் மேல் பொறித்திருக்கிற டிகிரியில் கதவு அசைய ஆரம்பித்தால் நல்ல பொருள். தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லை என்றால் குப்பைக்கு.

இனிமேல் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கூலண்ட் எதற்கு, நமக்கென்ன பனியா பெய்கிறது என்று கேட்கிறார்கள். நமக்கு அது துருவைத் தடுக்கவும், கொதிநிலையை உயர்த்தவும். கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. கலந்தே வருகிற கேனாக இருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கிற வகையைப் பாருங்கள்.

வாரம் அரை லிட்டர் கூலண்ட் குறைகிறது. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. காலையில் சைலன்ஸரில் வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 30,000 ஆகும் என்கிறார்கள். நம்பலாமா?
— போரூர் வாசகர்

நம்பலாம், ஆனால் சோதித்துவிட்டு. இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்குக் கீழே, கசியாமல் அடைக்க வைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். சோதிக்காமல் ஹெட்டைக் கழற்ற யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக வெள்ளை ஆவி வந்து ஐந்து நிமிடத்தில் நின்றால் அது வெறும் ஈரம். இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, இனிப்பு வாடையும் அடித்தால் கூலண்ட் எரிகிறது. கீழே சொட்டவில்லை என்பதால் வெளியே கசியவில்லை என்று ஆகாது. சூடான இன்ஜின் மேல் கசிவது அங்கேயே ஆவியாகிவிடும், காய்ந்த உப்புக்கோடு மாதிரி தடம் மட்டும் இருக்கும். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது.

பிறகு இதைச் செய்யுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்துங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, அதற்குள் ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தால், சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தம் தண்ணீர் வழிக்குள் வருகிறது. இதற்கென்று நீல நிறத் திரவம் ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கே வரும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இந்தச் சோதனையை நேரில் நின்று பாருங்கள். மஞ்சளானால் சந்தேகமே இல்லை.

கேஸ்கெட்தான் என்று முடிவானால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஹெட் வளைஞ்சிருக்கான்னு பார்த்தீங்களா?" அலுமினிய ஹெட் சூட்டில் வளையும். பல சின்ன கார்களின் கையேட்டில் 0.05 மில்லிமீட்டர்தான் அனுமதி, தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நேர்கட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து, தேவையென்றால் லேத்தில் ஃபேஸ் செய்து சமமாக்கி, அப்புறம்தான் புது கேஸ்கெட். அதைச் செய்யாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிய வண்டி சீக்கிரமே திரும்பி வரும். அப்படி வந்தவற்றை நிறையப் பார்த்துவிட்டேன்.

கசிவை அடைக்கிற பொடி போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நடுவழியில் ரேடியேட்டர் ஒழுகினால் நம் டிரைவர்கள் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் வந்து சேருவார்கள். ஊர் வந்து சேர மட்டும்தான் அது. கேஸ்கெட்டுக்கு எந்தப் பொடியும் மருந்தில்லை, நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

புதிதாக ஓட்டப் பழகியிருக்கிறேன், அண்ணா. கத்திப்பாரா மேம்பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது சிவப்பு தெர்மாமீட்டர் விளக்கு எரிந்தது. பயந்துபோய் வீடு வரை ஓட்டி வந்துவிட்டேன். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டுமா?
— கல்லூரி மாணவி, ஆலந்தூர்

ஊற்றாததற்கு நன்றி, தங்கச்சி. என் வலது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. 1991-இல், வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், சூடாக வந்த வண்டியின் மூடியைத் திருகினேன். மூடியில் அழுத்த அளவு 0.9 என்று போட்டிருக்கும், பார்த்திருக்கிறாயா? அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கிற தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் ஆவியாகச் சீறி வெளியே வரும். முகத்தைத் திருப்பியிருந்ததால் கண் தப்பியது.

ஆனால் வீடு வரை ஓட்டியது தப்பு. சிவப்பு விளக்கு வந்ததும் ஏசியை அணை. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரைக் கடைசி வேகத்தில் போட்டு, ஜன்னல்களை இறக்கு. மே மாதத்தில் ஹீட்டரா என்று தோன்றும். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாலத்தை விட்டு இறங்கியதும் முதலில் கிடைக்கிற ஓரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்துவிடு. ஆவி சீறினால் அது அடங்கும் வரை பானெட்டையும் தொடாதே. குறைந்தது முக்கால் மணி நேரம். மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தால்தான் மூடிக்குப் போகலாம், அதுவும் தடித்த துணி போட்டு, கால் திருகு திருகி, காற்று போன பிறகு. குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதே, சூடான ஹெட் விரிசல் விடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

முள் இருக்கிற வண்டிகளில் இன்னொன்று நடக்கும். முள் உச்சத்துக்குப் போய், திடீரென்று தானாகக் கீழே இறங்கும். சரியாகிவிட்டது என்று ஓட்டுவார்கள். தண்ணீர் முழுக்கத் தீர்ந்து, சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் இன்ஜின் இறுகிப் பிடித்து நின்றுவிடும். அந்த இடத்திலேயே நிறுத்தி, டோ வண்டியைக் கூப்பிட வேண்டும்.

உன் வண்டியை நாளைக்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டு. முதல் பதிலில் சொன்ன நாளிதழ் தாள் சோதனையையும் கூலண்ட் அளவையும் பார்த்துவிட்டுப் போ. கூலண்டைப் பார்ப்பது காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்.